நொரீன் சாகமாட்டேன் என்கிறாள்

கேமரா ஓடத் தொடங்கியதும் நொரீன் பிரையர்லி என் பக்கம் சாய்ந்து, குரலே இல்லாமல், உதட்டால் மட்டும் தன் பக்கத்து வீட்டுக்காரியைத் திட்ட ஆரம்பிப்பாள். குப்பைத்தொட்டி விவகாரம். அந்த அம்மாள் தன் தொட்டியை நொரீன் வாசலில் தள்ளிக்கொண்டு வந்து வைத்துவிடுகிறாளாம். கண்ணை உருட்டுவாள், விரலை நீட்டுவாள், நடுவில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். நான் 'அப்படியா சங்கதி' என்று புருவத்தை உயர்த்த வேண்டும். எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

எங்களுக்கு முன்னால், நல்ல வெளிச்சத்தில், பெரிய நடிகர்கள் ஒரு கல்யாணத்தை நிறுத்திக்கொண்டிருப்பார்கள். அல்லது எந்தக் குழந்தைக்கு எவன் அப்பன் என்று கண்டுபிடித்துக்கொண்டிருப்பார்கள். 'ஷட்டில் தெரு' சீரியலைப் பார்க்காதவர்கள் இந்த நாட்டில் இருக்கலாம், கேள்விப்படாதவர்கள் கிடையாது. நான் ஓல்டம் நகரில் பஸ் ஓட்ட வந்த காலத்துக்கு முன்பிருந்தே ஓடுகிறது. அந்தத் தெருவில் 'வீவர்ஸ்' என்று ஒரு பப். அதில் ஜன்னலோரம் இரண்டாவது மேஜை. பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு அம்மாளும் கூட ஒரு கறுத்த மனிதரும் எப்போதும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அந்த அம்மாள் நொரீன். கறுத்த மனிதர் நான், வாகீசன். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் நாங்கள் புருஷன் பெண்டாட்டி என்று நினைக்கிறார்கள். மீதிப் பேர் அதைவிட மோசமாக நினைக்கிறார்கள்.

எங்களுக்கு வசனம் கிடையாது. துணை நடிகர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நடிகராகிவிடுவார், அப்புறம் சம்பளத்தை உயர்த்தித் தொலைக்க வேண்டும். அதனால் பேசுவது போல உதட்டை அசைக்க மட்டும் அனுமதி. மற்றவர்கள் 'ருபார்ப், ருபார்ப்' என்று அசைப்பார்கள். அந்தக் காய்கறியின் பெயரைச் சொன்னால் வாய் நன்றாக அசையும் என்று இங்கே ரொம்பக் காலமாக ஒரு வழக்கம். நொரீனுக்கு அது அறவே பிடிக்காது.

"எத்தனை வருஷம்தான் ஒரு தண்டுக்கீரை பேரையே சொல்லிட்டு உக்காந்திருக்கறது? வாயத் தொறந்தா விஷயம் இருக்கணும்யா," என்பாள்.

அவள் சொல்லும் விஷயங்களுக்குக் குறைவே இல்லை. அவளோடு பழகிய இத்தனை காலத்தில் அவள் உதட்டைப் படித்தே அவள் தெருவின் முழு வரலாறும் எனக்குத் தெரிந்துவிட்டது. யார் வீட்டில் கூரை ஒழுகுகிறது, யார் மகன் எங்கே மாட்டிக்கொண்டான், யார் போட்ட பொய்ப்பல் யாருடையது. 'நிறுத்து' என்று குரல் வந்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துவிடுவாள். கதையின் மீதியைத் தெரிந்துகொள்ள நான் அடுத்த தடவை கேமரா ஓடும்வரை காத்திருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் கேட்டால் சொல்லமாட்டாள். "அது அங்க பேசுறது, இங்க வேற பேச்சு," என்பாள்.

குள்ளமான, அகலமான உருவம். எழுபதைத் தாண்டியவள். கடைத்தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போவது போலவே எப்போதும் நடப்பாள், கையில் வண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும். வீட்டிலிருந்து வெங்காயமும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்ட அப்பம் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவாள். படப்பிடிப்பில் உருளைக்கிழங்கு வறுவலைச் சத்தமில்லாமல் தின்பது ஒரு வித்தை. நாக்கில் வைத்து ஊறவிட்டு விழுங்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பாள், சரியாகச் செய்யாவிட்டால் முழங்கையால் இடிப்பாள். எங்களுக்குக் கொடுக்கிற பீர் வெறும் நிறம் போட்ட தண்ணீர். அதைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இதக் குடிச்சுட்டா இவனுங்க இவ்வளவு அடிச்சுக்கிறானுங்க?" என்று பக்கத்து மேஜை கிளிஃபிடம் கேட்பாள். கிளிஃப் சிரிப்பான். அவன் எதற்கும் சிரிக்கிறவன்.

அந்தப் பச்சைக் கோட்டு அவளுடைய சொந்தக் கோட்டு. உடையலங்காரப் பிரிவிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அதைக் கழற்றிப் பார்க்க முயன்றிருக்கிறார்கள். பழுப்புக் கொடுத்தார்கள், நீலம் கொடுத்தார்கள். அவள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவாள். ஏன் இத்தனை பிடிவாதம் என்று எனக்கே நெடுநாள் தெரியாது. பிறகு ஒரு நாள் டிராமில் வீடு திரும்பும்போது அவளாகவே சொன்னாள்.

அவளுக்கு ராய் என்று ஒரு புருஷன் இருந்தான். பிங்கோ சூதாட்டக் கூடத்தில் எண்களைக் கூவுகிற ஒருத்தியோடு மோர்கம் கடற்கரைக்கு ஓடிப்போனான். போகும்போது நல்ல பெட்டிகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனான். அதைக்கூட நொரீன் மன்னித்துவிட்டாள்.

"கெட்டிலையும் எடுத்துட்டுப் போயிட்டான், வாகி. மனுஷன் ஓடிப்போனா அழணும்ல? அழுதுட்டு ஒரு டீ போட்டுக் குடிக்கலாம்னு போறேன், அடுப்பு மேல வெறும் வட்டம்தான் இருக்கு."

அடுத்த வாரமே அவளுடைய சிநேகிதி ஒருத்தி அவளை ஷட்டில் தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக உட்காரக் கூட்டிப் போனாள். கையிலிருந்த ஒரே நல்ல துணி அந்தக் கோட்டு. ராய் அதற்கு முந்தின குளிர்காலத்தில் வாங்கித் தந்தது. கேமரா அவளைக் கடந்து போனபோதுதான் அவளுக்கு உறைத்தது. ராய் சோறில்லாமல் இருப்பான், ஷட்டில் தெரு பார்க்காமல் இருக்கமாட்டான்.

"வாரத்துல மூணு சாயங்காலம் அவன் வீட்டு நடுக்கூடத்துக்குப் போயி உக்காந்துட்டு வரேன். அவன் வாங்கிக் குடுத்த கோட்டப் போட்டுக்கிட்டு. அவ பக்கத்துல இருப்பா. சேனலையும் மாத்த முடியாது, கதை போயிடும்ல!"

இன்னும் அவன் மேல் பாசமா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பாசமா? போய்யா. நான் நல்லாருக்கேன்னு அவனுக்குத் தெரியணும், அவ்வளவுதான். நல்லா, சிரிச்சுக்கிட்டு, இன்னொருத்தன்கூட உக்காந்து பேசிக்கிட்டு."

அந்த இன்னொருத்தன் நான்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கோபம் வரவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

போன வருஷம் சீரியலைப் பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று லண்டனிலிருந்து ஜாஸ்பர் என்ற புதிய தயாரிப்பாளர் வந்தார். கழுத்தில் எப்போதும் ஒரு நீளமான துண்டு. அவர் வந்தபின் எங்கள் தெருவில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. பஸ் ஒன்று கால்வாயில் விழுந்தது. மணப்பெண் தேவாலயக் கோபுரத்திலிருந்து விழுந்தாள். கசாப்புக்கடைக்காரர் ஒரு ஆளைக் கொன்று புல்வெளிக்கு அடியில் புதைத்திருந்தது தெரியவந்தது. கடைசியாக, கிறிஸ்துமஸுக்கு வீவர்ஸ் பப்பே எரிவாயு வெடித்துச் சிதற வேண்டும், அதை நடத்தும் ஈடி சாக வேண்டும் என்று முடிவாயிற்று. கிறிஸ்துமஸ் அன்று வான்கோழியைத் தின்றுவிட்டு, குடும்பமாக உட்கார்ந்து, சீரியலில் யார் சாகிறார்கள் என்று பார்ப்பது இங்கத்திய வழக்கம். அதில் யாரும் தப்புக் காண்பதில்லை.

ஈடியாக நடிக்கும் பமேலாவுக்கு அது பிடிக்கவில்லை. அவள் அந்தப் பப்பில் பரிமாற ஆரம்பித்தபோது கன்னத்தில் குழி விழும். இப்போது மூட்டில் ஊசி போட்டுக்கொண்டு பரிமாறுகிறாள். ஆனாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவள் என்ன செய்ய முடியும்?

எங்கள் தொழிலில் முன்னால் நடப்பதைப் பின்னாலும் பின்னால் நடப்பதை முன்னாலும் படம் பிடிப்பார்கள். தேவாலயம் நவம்பரில்தான் கிடைத்தது. அதனால் ஈடி சாவதற்கு முன்பே ஈடிக்குச் சவ அடக்கம் நடந்தது. நொரீனும் நானும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நொரீன் பச்சைக் கோட்டில் ஒரு கறுப்புப் பூவைக் குத்திக்கொண்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். உண்மையான அழுகைதான் என்று நினைக்கிறேன். பமேலா கேமராவுக்குப் பின்னால் கையில் டீயோடு நின்று தன் சாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்ல கூட்டம்தான்," என்று எங்களிடம் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து உணவுக்கூடத்தில் உதவி இயக்குநர் ஃப்ரேயா எங்கள் எல்லோரையும் கூப்பிட்டாள். சின்னப் பெண். எங்களை மேய்ப்பதுதான் அவள் வேலை. காதில் எப்போதும் ஒரு கருவி, அதில் எப்போதும் யாரோ அவளைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

"ஒரு நல்ல சேதி. வெடி விபத்துல ஈடியோட சேத்து பப்புல இருந்தவங்களும் கொஞ்சம் பேர் சாகுறாங்க. பிணமா படுக்குறவங்களுக்குச் சம்பளம் கூடுதல்," என்றாள். கிளிஃப், நொரீன், நான் என்று இன்னும் சிலர் பெயரைச் சொன்னாள்.

"படுத்துக் கெடக்கறதுக்குக் காசா? என் பொண்டாட்டிகிட்ட சொல்லணும்!" என்று கிளிஃப் சிரித்தான்.

நொரீன் கையிலிருந்த அப்பத்தைக் கீழே வைத்தாள். "மொகம் தெரியுமா, கண்ணு?"

"தெரியணும். ஜாஸ்பர் மொகம் வேணும்ங்கறார். வழக்கமா வர்றவங்க செத்தாத்தான் பாக்கறவங்களுக்கு மனசு பதறுமாம்."

"அப்ப அடுத்த வாரம் நான் எங்க உக்காரறது?"

ஃப்ரேயாவுக்குக் கேள்வி புரியவில்லை. பிறகு புரிந்தது. மெதுவாகச் சொன்னாள்: "செத்தவங்க எப்படி, நொரீன், அடுத்த வாரம் பப்புக்கு வர முடியும்?"

செத்த முகம் மறுபடியும் திரையில் வரக் கூடாது. அது எங்களுக்கெல்லாம் தெரிந்த விதிதான். ஆனால் யாரும் அதை எங்களுக்குப் பொருத்திப் பார்த்ததில்லை. வருத்தம் எனக்கும்தான் இருந்தது. ஆனால் வருத்தப்படுவது வேறு, வாயைத் திறப்பது வேறு என்று இருந்தே பழகிவிட்டவன் நான்.

நொரீன் அப்படியில்லை. "அப்ப நான் கோயில்ல அழுதேனே, அது? அதப் படம் புடிச்சாச்சே. என் சாவுக்கு நானே வந்து மூக்கச் சிந்துனேனா?"

ஃப்ரேயா வாயைப் பிளந்தாள். அது யாருக்கும் தோன்றவே இல்லை. ஓடிப்போய் ஜாஸ்பரைக் கேட்டுவிட்டு வந்தாள். வரும்போது முகம் சிவந்திருந்தது.

"பரவால்லையாம், நொரீன். தேவாலயத்துல யாரு உக்காந்திருந்தாங்கன்னு ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்களாம். பின்னாடி உக்காரறவங்க மொகத்த யாரும் பாக்க மாட்டாங்களாம்."

சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள். முகம் தெரிய வேண்டும் என்று சொன்னவரும் அவரே, முகத்தை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று சொன்னவரும் அவரே. பெரிய மனிதர்களுக்கு ஒரே வாயில் இரண்டும் அடங்குகிறது. நொரீன், "சரி கண்ணு," என்றாள். இத்தனை சுலபமாக அவள் எதற்கும் சரி என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அப்போதே பயம் பிடித்துக்கொண்டது.

டிராமில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் செத்துட்டேன்னு ராய் நெனப்பான்."

"சீரியல்லதானே, நொரீன்."

"அவனுக்கு அதெல்லாம் ஒண்ணுதான். எங்கூட இருந்த காலத்துல, ஒரு கொலகாரனா நடிச்சவர் நம்ம மார்க்கெட்டுக்கு வந்திருந்தாரு. 'கொலகாரப் பயலே'ன்னு மூஞ்சிக்கு நேரா திட்டுனவன் அவன். நான் செத்தா அவ ஒரு கேக்கு வெட்டுவா. இவன் 'அப்பாடா'ன்னு கால நீட்டிக்குவான். அவன் நிம்மதியா மூச்சு விடறதுக்கு நான் சாகணுமாக்கும்?"

வேறு சீரியலில் இடம் கிடைக்கும், ஆஸ்பத்திரி சீரியலுக்கு எப்போதும் ஆள் தேவைப்படுகிறது என்று சொல்லிப் பார்த்தேன்.

"அங்க போயி நோயாளியா உக்காரவா? நான் நல்லாருக்கேன்னு காட்டத்தான்யா இத்தன வருஷமா இந்தக் கலர்த் தண்ணியக் குடிச்சேன்!"



வெடிப்பை டிசம்பரில் ஒரு பிற்பகலில் படம் பிடித்தார்கள். இந்த ஊரில் அந்த மாதத்தில் டீ நேரத்துக்கே இருட்டிவிடும். தெருவெங்கும் ரப்பர் செங்கல், சர்க்கரைப் பாகில் செய்த கண்ணாடித் துண்டுகள். பப்பின் முகப்பில் குழாய் வைத்து நிஜ நெருப்பு. ஒரே தடவைதான் வெடிக்க முடியும், மறுபடி கட்டிக் கொளுத்தப் பணம் இல்லை என்று ஃப்ரேயா எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தாள். எத்தனையோ கேமராக்கள். உயரத்தில், ஒரு கிரேன் தூக்கியின் மேல், துண்டோடு ஜாஸ்பர்.

நடைபாதையில் எங்களைப் படுக்கவைத்தார்கள். தரை ஈரம். பமேலா நடுவில், அவளுக்கு அந்தப் பக்கம் கிளிஃப், இந்தப் பக்கம் நொரீன், அவளை அடுத்து நான். எங்கள் முகத்தில் கரி பூசினார்கள். கோட்டில் ஓட்டை போட வந்த பெண்ணை நொரீன் ஒரு பார்வை பார்த்தாள். அவள் கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

"கண்ண மூடிக்கோங்க. மூச்சு வயித்துல தெரியக் கூடாது," என்று ஃப்ரேயா சொல்லிவிட்டு ஓடினாள்.

வெடித்தது. காதை அடைத்துக்கொண்டது. முகத்தில் அனல் அடித்தது. ஃப்ரேயா சொன்னபடி நான் கண்ணைத் திறக்கவில்லை. 'ஈடி! ஈடி!' என்று கத்திக்கொண்டு யாரோ ஓடிவந்தார்கள். ஈடியின் மகனாக நடிப்பவன் முழந்தாளிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தான். அப்போது என் பக்கத்தில் ஒரு ரப்பர் செங்கல் உருண்டது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன்.

நொரீன் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

நடைபாதை விளிம்பில் கை ஊன்றி, முதலில் ஒரு முழங்கால், பிறகு இன்னொன்று, பிறகு நின்றாள். கோட்டின் முன்பக்கத்தைத் தட்டினாள். பக்கங்களைத் தட்டினாள். செத்துக் கிடந்த பமேலா உதட்டை அசைக்காமல், கண்ணைத் திறக்காமல், "போ, நொரீன். என்னாலதான் முடியாது, நீயாவது போ," என்று முணுமுணுத்தாள். அவள் மகன் அழுகையை நிறுத்தவில்லை. நல்ல நடிகன்.

நொரீன் என்னிடம் வந்தாள். குனிந்து கையை நீட்டினாள். அந்த நேரத்திலும் அவள் தொழிலை மறக்கவில்லை, குரல் எழுப்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. 'எழுந்திரு, வாகி.' எனக்கு அதைப் படிக்கத் தெரியாதா?

ஏன் எழுந்தேன் என்று பிறகு என்னைப் பலர் கேட்டார்கள். கை நீட்டியிருந்தது, பிடித்தேன், அவ்வளவுதான். முழங்கால் சொடக்குப் போட்டது. அவள் என்னை இழுத்து நிறுத்தி, என் தோளிலிருந்த சர்க்கரைக் கண்ணாடியைத் தட்டிவிட்டாள். இருவரும் எரிகிற பப்பைக் கடந்து, யாரையும் திரும்பிப் பார்க்காமல், ஆம்புலன்ஸ் நின்ற இடத்துக்கு நடந்தோம். அங்கே நின்றவரும் எங்களைப் போல ஒரு துணை நடிகர்தான். யாராவது வந்தால் போர்வை போர்த்த வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கும் போர்த்தினார். அவருக்கு வேறென்ன தெரியும், பாவம்.

'நிறுத்து' என்று குரல் வந்ததும் ஜாஸ்பர் தூக்கியிலிருந்து இறங்கி வந்த வேகத்தில் அவர் துண்டு பாதியில் விழுந்துவிட்டது.

"யார் இந்தப் பொம்பள? யாரு இவ?"

"நொரீன் பிரையர்லி. ஜன்னலோரம் ரெண்டாவது மேஜை," என்றாள் நொரீன்.

"என்ன காரியம் பண்ணிருக்கேன்னு தெரியுதா உனக்கு? மொத்தக் காட்சியும் போச்சு!"

"பின்னாடி இருக்கறவங்கள யாரும் பாக்க மாட்டாங்கன்னீங்களே. அப்பறம் எதுக்கு இந்தக் கோவம்?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஃப்ரேயா மட்டும் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. எங்களைக் கரி முகத்தோடேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றார்கள். எங்கள் தொழிலில் அதற்கு, கூப்பிடமாட்டோம் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகான நாட்களில் நொரீன் தைரியமாக இருந்தாள் என்று எழுதினால் அது பொய். மார்க்கெட்டில் வினிகர் ஊற்றிய கறுப்புப் பட்டாணிக் கிண்ணத்தை எதிரில் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தாள். "வெட்டி எடுத்துட்டா, வாகி? நான் படுத்திருக்கறது மட்டும் இருந்து, எழுந்தது இல்லாமப் போயிட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஜாஸ்பர் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஒரு மனுஷியின் இருபது சொச்ச வருஷத்தைக் கத்தரிக்கோலால் நறுக்க ஒரு நிமிஷம் போதும் அவருக்கு.

கிறிஸ்துமஸ் அன்று அவளை வீட்டுக்கு அழைத்தோம். என் மனைவி செய்த கோழி பிரியாணியை 'காரமே இல்லையே' என்று சொல்லிக்கொண்டு கண்ணீர் வழியத் தின்றாள். பிறகு டிவி முன்னால் உட்கார்ந்தோம். பப் வெடித்தது. ஈடி விழுந்தாள். மகன் அழுதான். கேமரா மேலிருந்து மெதுவாக இறங்கியது. அப்போது திரையின் ஓரத்தில், புகைக்கு நடுவே, ஒரு பச்சைக் கோட்டு எழுந்து நின்றது. குனிந்து ஒரு மனிதரைத் தூக்கிவிட்டது. இரண்டு பேரும் நடந்து போனார்கள். அவர்களால் வெட்ட முடியவில்லை. அந்த நெருப்பு அவர்களிடம் ஒரு தடவைதான் இருந்தது, அதில் நாங்களும் இருந்தோம்.

என் மனைவி கை தட்டினாள். நொரீன் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கோட்டு பின்பக்கம் ஒரே சேறு," என்றாள். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப மோர்கம்ல ஒருத்தனுக்கு வான்கோழி தொண்டையிலயே நிக்கும்," என்று சொல்லி, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

மறுநாளே ஊர் பற்றிக்கொண்டது. அந்த அம்மாள் யார், பிழைத்தது எப்படி, கூட இருந்தவர் புருஷனா என்று எங்கும் அதே பேச்சு. மார்க்கெட்டில் பாலாடைக்கட்டி விற்கிறவர் கடைக்குள்ளிருந்தே கத்தினார்: "அடியே நொரீன்! நீ மண்டையப் போட்டுட்டேன்னு என் பொண்டாட்டி மூக்கச் சிந்த ஆரம்பிச்சா, அதுக்குள்ள எழுந்து தொலச்சிட்டியே!" நொரீன் அவரிடம் கால் கிலோ அதிகமாக வாங்கினாள். அந்த வாரமே தேவாலயக் காட்சி ஒளிபரப்பானது. இரண்டாவது வரிசையில் அழுதுகொண்டிருந்த எங்களைப் பார்த்து, பிழைத்தவர்கள் எவ்வளவு நன்றியோடு வந்திருக்கிறார்கள் என்று ஜனங்கள் நெகிழ்ந்துபோனார்கள்.

பேப்பரில் ஜாஸ்பரின் பேட்டி வந்தது. சாதாரண மக்களின் மன உறுதியைக் காட்டத் தானே யோசித்து வைத்த காட்சி அது என்று சொல்லியிருந்தார். நொரீன் அதை என்னிடம் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"சாவையும் அவர்தான் குடுத்தாராம், எழுந்ததையும் அவர்தான் குடுத்தாராம். என் முட்டி வலிய மட்டும் எனக்கு விட்டு வெச்சிருக்காரு!"

ஆனாலும் கூப்பிடவில்லை. ஜனவரி முழுக்கக் கூப்பிடவில்லை. பிப்ரவரியில் ஒரு நாள் ஃப்ரேயா போன் செய்தாள். வீவர்ஸைத் திரும்பக் கட்டியாயிற்று, பிழைத்த அந்த இரண்டு பேர் எங்கே என்று ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், திங்கட்கிழமை இரண்டு பேரும் வாருங்கள் என்றாள். பிறகு இழுத்தாள்.

"ஒரு விஷயம், நொரீன். இனிமே கேமராவுக்கு முதுகு காட்டித்தான் நீங்க உக்காரணுமாம். சனங்க உங்களயே பாக்குறாங்களாம், முன்னாடி நடக்கற கதைய கவனிக்க மாட்டேங்கறாங்களாம்."

"போன தடவ யாரும் பாக்க மாட்டாங்கன்னாரு. இப்ப எல்லாரும் பாக்கறாங்கங்கறாரு. ஏதாவது ஒண்ணச் சொல்லச் சொல்லு கண்ணு, அந்த மனுஷன."

"வருவீங்கல்ல?" என்று ஃப்ரேயா கேட்டாள். அவள் குரலில் பயம் இருந்தது. எங்களை மேய்க்கத் தெரியவில்லை என்று அவளுக்கும் வேலை போகக்கூடும்.

"வராம?" என்றாள் நொரீன்.

புதுப் பப் பழைய பப்பைப் போலவே இருந்தது, பெயின்ட் வாடை மட்டும் அதிகம். எங்கள் மேஜையை ஜன்னலிலிருந்து எடுத்து, கழிப்பறைக் கதவுப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். நான் சுவரை ஒட்டி. எனக்கு எதிரில், கேமராவுக்கு முதுகு காட்டி, நொரீனுடைய நாற்காலி. ஃப்ரேயா வந்து நின்று அவளைக் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"போம்மா, போய் வேலயப் பாரு," என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு நொரீன் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஒத்திகை நடந்தது. உட்கார்ந்தாள். இரண்டாவது ஒத்திகை நடந்தது. அப்போதும் உட்கார்ந்தாள். சரி, இந்த மனுஷிக்கும் வயதாகிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன். வருத்தமாக இருந்தது, இனி வம்பு வராது என்று நிம்மதியாகவும் இருந்தது.

கேமரா ஓடத் தொடங்கியது. ஈடியின் இடத்துக்கு வந்த இளம் நடிகை கல்லாவுக்குப் பின்னால் நின்று, "இனிமே இந்தக் கட என்னோடது. யாருக்கு என்ன வேணும்?" என்று தன் முதல் வசனத்தைச் சொன்னாள்.

நொரீன் எழுந்தாள். தரையில் உராயாமல் நாற்காலியை இரண்டு கைகளாலும் தூக்கினாள். மேஜையைச் சுற்றி நடந்து என் பக்கம் வந்து, சுவரோரம் சத்தமில்லாமல் இறக்கி வைத்தாள். இடம் போதவில்லை, நான் கொஞ்சம் நகர்ந்துகொண்டேன். எங்கள் தொழிலில் எது செய்தாலும் கேமராவின் கண்ணை மட்டும் நேராகப் பார்க்கவே கூடாது. நொரீன் உட்கார்ந்து, கோட்டின் கழுத்துப்பட்டியை நிமிர்த்திவிட்டுக்கொண்டு, அந்தக் கண்ணையே நேராகப் பார்த்தாள்.